பெரியப்பா முடி வெட்டிக்கொண்டார்

பெரியப்பாவுக்கு முடி வெட்டிவிட்டு வெளியே வந்த பிரிபிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியப்பா தே காஹு என்றால் லேசுப்பட்ட ஆளா? ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்த மாவோரிப் பூர்வகுடிச் சனங்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அவர் தலையை அவருடைய பெண்சாதிகூட நினைத்த நேரத்தில் தொட்டுவிட முடியாது, அவ்வளவு புனிதம். எப்போதும் வெட்டிவிடுகிற பூசாரி, மகளுக்குப் பிரசவம் என்று படகேறி மேலாற்றுப் பக்கம் போயிருந்தார். பெரியப்பாவோ, நாளைக்குச் சனிக்கிழமை டவுனில் நடக்கிற ரக்பி ஆட்டத்துக்கு வந்தே தீருவேன், அதுவும் இந்தப் பரட்டைத் தலையோடு வெள்ளைக்காரர்கள் நடுவில் உட்காரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார்.

"வேற எவனும் வேண்டாம். பிரிபி வெட்டட்டும். நாளைக்கு நம்ம பேரைத் தூக்கிக்கிட்டு ஓடப்போறவன் அவன்தானே?" என்று கத்தரிக்கோலை நீட்டிவிட்டார். பிரிபிக்கு நெஞ்சு விம்மிப்போயிற்று. ஊரே பொறாமையோடு பார்க்க, ஒரு மயிர் சிந்தாமல் வெட்டி, வெட்டிய முடியை உரிய இடத்தில் புதைத்துவிட்டு வந்தான்.

தலைவரின் தலையைத் தொட்ட கை 'தாபு' ஆகிவிடும். அந்தப் புனிதம் கையில் ஏறிக்கொள்ளும். பூசாரி வந்து மந்திரம் சொல்லி இறக்கும்வரை அந்தக் கையால் தின்கிற பொருள் எதையும் தொடக் கூடாது. தொட்டால் தலைவரின் தலையையே அடுப்பில் வைத்து வேகவைத்த மாதிரி. பூசாரிதான் ராத்திரிக்குள் வந்துவிடுவாரே என்று யாரும் கவலைப்படவில்லை. இருட்டுகிற நேரத்துக்குப் படகு வந்தது, பூசாரி வரவில்லை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாராம்.

"அதனால என்ன, ரெண்டு நாள் பொண்டாட்டி ஊட்டிவிட்டாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே பிரிபி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் பெண்சாதி மெரேயானா சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஒரு குச்சியில் குத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் வாய்கொடுத்து மீண்டவர் அந்த ஊரில் கிடையாது.

"ஆ காட்டுய்யா. இன்னும் பெருசா. என்ன, புதுப்பொண்ணு மாதிரி கொறிக்கிறே?"

"சுடுது புள்ள. ஊதிக் குடு."

"ஊதி வேற குடுக்கணுமா? தொட்டில்ல கெடக்கிறவன் ஒருத்தன் பத்தாதுன்னு நீ வேறயா? அவ்வளவு பெரிய பந்தை மூச்சு முட்ட ஊதினியே, இந்தக் கிழங்கை ஊதத் தெரியலையா?"

பந்து என்று சொன்னதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏய்யா, அந்தப் பந்துக்குள்ள என்ன வச்சே?"

"என்ன வப்பாங்க? பன்னி மூத்திரப்பை."

"யாரு வீட்டுப் பன்னி?"

"அத்தை வீட்டுப் பன்னிதான். போன வாரம் விருந்துக்கு அடிச்சாங்களே..." சொல்லிக்கொண்டு வந்தவனுக்குக் கிழங்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சங்கதி இதுதான். டவுன் கிளப்பின் பந்துக்குள் இருந்த ரப்பர்ப்பை கிழிந்துபோயிற்று. புதியது கப்பலில் வர இன்னும் நாளாகும். நான் கொண்டுவருகிறேன் என்று பெருமையாகச் சொல்லி, அத்தை வீட்டுப் பன்றியின் பையை வாங்கி, கழுவி, ஊதி, தோலுக்குள் வைத்துத் தைத்தவன் சாட்சாத் பிரிபிதான்!

"மேல தோல் மூடியிருக்குல்ல?" என்றான் பரிதாபமாக.

"சட்டிக்கு மூடி போட்டுட்டா உள்ள இருக்கிறது கறி இல்லேன்னு ஆயிடுமா?"

"கையுறை போட்டுக்கிட்டா?"

"போட்டுக்க. பெரியப்பா எதிர்ல உக்காந்து பாப்பாரு. நல்லா இருக்கும்."

பிரிபிக்குப் பசி ஓடிப்போயிற்று. ஓடாமல் என்ன செய்யும்? அந்த டவுன் கிளப்பில் ஆடிய முதல் மாவோரி அவன். நியூசிலாந்தில் விக்டோரியா ராணியின் தலை போட்ட தபால்தலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. முதல் வருஷம் முழுக்க வேலிக்கு வெளியே நின்று, வெளியே வந்த பந்தை எடுத்து எறிகிற வேலைதான் அவனுக்குக் கிடைத்தது. ஒருநாள் ஆள் குறைந்ததால் உள்ளே விட்டார்கள். அதற்கப்புறம் அவனை வெளியே அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை, அப்படி ஒரு ஆட்டம். எவ்வளவு உயரத்திலிருந்து பந்து விழுந்தாலும் அவன் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும். பிடித்துக்கொண்டு ஓடினால் பின்னால் வருகிறவன் புழுதியைத்தான் பிடிக்கணும். நாளைக்கு மாகாண அணிக்கு ஆள் பொறுக்குகிற பெரியமனுஷர் ஒருத்தர் அவனைப் பார்க்கவென்றே ரயிலேறி வருகிறார். மாகாண அணியில் அதுவரைக்கும் மாவோரி எவனும் சட்டை மாட்டியதில்லை. அவர் இந்தப் பக்கம் மறுபடி எப்போது வருவாரோ, யாருக்குத் தெரியும்? பார்க்க வருவது அவனுடைய கையை. அந்தக் கை இப்போது பந்தைத் தொடக் கூடாது!

ஓட்டமாகப் பெரியப்பாவிடம் போனான். அவர் கண்ணாடியில் தன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, ஒரு சங்கடம்."

கேட்டு முடித்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. தன்னால் வந்த வினை என்று அவருக்கும் உறைத்தது.

"பன்னின்னு நிச்சயமாத் தெரியுமா?"

"அத்தை வீட்டுப் பன்னி, பெரியப்பா."

"அடக் கடவுளே. அதோட தொடையை நான்தானேடா தின்னேன். நல்ல பன்னி." தாடையைச் சொறிந்துகொண்டார். "நான் வேணும்னா வீட்லயே இருந்துடட்டுமா? நான் பாக்கலேன்னா..."

"நீங்க பாக்காட்டியும் என் கைக்குத் தெரியுமே."

பெரியப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சட்டென்று கீழே குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தார்.

"ஏன்டா, எனக்கு முடி வெட்டினது கையாலதானே?"

"ஆமா."

"காலால வெட்டலையே?"

"காலால எப்படி வெட்ட முடியும்?"

"அப்ப காலுக்கு என்ன கேடு? உதைச்சு ஆடு. போ, போய்த் தூங்கு."

மறுநாள் மைதானத்தில் பிரிபி முதலில் கேப்டன் லோரியைத்தான் தனியாகக் கூப்பிட்டான். லோரி டவுனில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவன். நல்ல மனுஷன், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிரிபி சிரிக்கவில்லை என்று பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"இன்னிக்குத்தானா உனக்கு இது? இன்னிக்குத்தானா? மேல வர்ற பந்தையெல்லாம் நீதானேடா பிடிக்கணும்? வேற எவன் இருக்கான் எனக்கு?"

"என்னை முன்வரிசை ஆளுங்களோட விட்டுடு, கேப்டன். காலால உருட்டிக்கிட்டே போயிடறேன்."

"போயி? கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைக் கையால அழுத்தினாத்தானே டிரை? அதைக் காலால செய்வியா?"

"அழுத்தறதுக்கு உங்க பதினாலு பேரு கை இருக்கே."

இதைக் காதில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவன் கிரிம்ஷா. கசாப்புக்கடைக்காரன், முன்வரிசையில் மாடு மாதிரி முட்டுவான், ஓடச் சொன்னால் மட்டும் இரைக்கும். மாகாண அணியில் தன் பெயர் வராதா என்று பல வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்த ஆள். பிரிபியைக் கிளப்பில் சேர்த்தபோது வேண்டாம் என்று கைதூக்கியவர்களில் முதல் ஆளும் அவன்தான்.

"சாக்கு! சாக்கு!" என்று காறித் துப்பினான். "பெரிய ஆளு பாக்க வந்திருக்காருன்னதும் தொடை நடுங்குது. அதுக்கு முடி, பன்னின்னு ஒரு கதை. நான் அன்னிக்கே சொன்னேன், இந்த ஆளுங்கள நம்பாதீங்கன்னு."

பிரிபிக்குச் சுருக்கென்று தைத்தது. வேலி ஓரத்தில் மெரேயானா கைப்பிள்ளையோடு நின்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டு, உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாகப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி மொத்த ஊரும் நின்றது. எதிர்ப்பக்கம், குடைக்குக் கீழே, மாகாணத்துப் பெரியமனுஷர் மீசையை நீவிக்கொண்டிருந்தார். பிரிபி போய் முன்வரிசையில் நின்றுகொண்டான்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. வந்தவர்கள் மலையடிவாரத்து அணி, ஒவ்வொருத்தனும் ஒரு மரம். ஆரம்பத்திலேயே ஒரு பந்து வானத்துக்குப் போய் நேரே பிரிபியின் தலைக்குமேல் இறங்கிற்று. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். பந்து மார்பில் விழுந்து எகிறி, எதிரணிக்காரன் மடியில் போய் உட்கார்ந்தது. அவன் ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால் அழுத்தினான், டிரை. அதற்கு மேல் கூடுதல் புள்ளிக்காகக் கோல்கம்பத்துக்கு அடித்த உதை நல்லவேளையாகத் தவறிப்போயிற்று.

"ஏன்டா, கையை வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தியா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மலையடிவாரத்தார் சும்மா இருப்பார்களா? பந்தையெல்லாம் பிரிபி இருக்கிற பக்கமாகவே தூக்கி அடித்தார்கள். அவன் மார்பில் வாங்கினான், முழங்காலில் வாங்கினான், ஒரு தரம் மூக்கிலும் வாங்கினான். பந்தை வைத்திருந்த ஆளைப் பிடித்துக் கவிழ்க்க மட்டும் கையை நீட்டினான், பந்துப் பக்கம் விரல்கூடப் போகவில்லை. குடைக்குக் கீழே மீசைக்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிரிபியும் அதைப் பார்த்துவிட்டான்.

பாதி ஆட்டத்தில் எல்லாருக்கும் எலுமிச்சம்பழத் துண்டு கொடுத்தார்கள். நாக்கு வறண்டுபோய், மூக்கில் ரத்தம் வடிய, பிரிபி தட்டைப் பார்த்துக்கொண்டே தள்ளி உட்கார்ந்திருந்தான். லோரி திட்டுவதற்கென்றுதான் வந்தான். வந்தவன் அந்த முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"தாகமா இருக்கா?"

"ம்."

"எடுத்துக்க வேண்டியதுதானே? இங்க எவன் பாக்கறான்? உங்காளுங்க அந்தக் கோடியில இருக்காங்க."

மாட்டேன் என்று பிரிபி தலையை ஆட்டினான்.

லோரி ஒரு துண்டை எடுத்தான். "ஆ காட்டு" என்றான். தன் கரிபிடித்த விரலாலேயே அவன் வாயில் பிழிந்துவிட்டான். இன்னொரு துண்டும் பிழிந்தான். அப்புறம் எழுந்து, மற்றவர்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான் பாருங்கள். "கேட்டுக்கங்கடா! இவன் மூக்கு உடைஞ்சாலும் சொன்ன சொல்லை உடைக்கமாட்டான். இனிமே எவனும் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடாதே. கீழ போடு. இவன் காலுக்கு முன்னால போடு. எல்லாரும் இவன் பின்னால வாங்க!"

"பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று முனகினான் கிரிம்ஷா. முனகிக்கொண்டே எழுந்தான்.

இரண்டாம் பாதியில் அந்த மைதானமே வேறு மைதானம் ஆயிற்று. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. அதை வலது காலால் தட்டி, இடது காலால் அடக்கி, முழங்காலால் திருப்பிப் பிரிபி உருட்டிக்கொண்டு போனான், எட்டு ஆட்கள் அவன் பின்னால் மந்தையாகத் திரண்டு வந்தார்கள். குனிந்து பந்தை அள்ளப் பார்த்த எதிரணிக்காரன் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து உருண்டான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி! பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்து தொப்பியைக் கழற்றி வீசினார். புது முடிவெட்டு வெயிலில் பளபளத்தது.

ஆனாலும் டிரை விழவில்லை. கோட்டுக்கு அருகே வந்து வந்து பந்து வெளியே போயிற்று. நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் நடு மைதானத்தில் பந்து முன்வரிசை ஆட்களின் காலுக்கிடையில் சிக்கி, நழுவி, பிரிபியின் காலடியில் வந்து நின்றது. தட்டினான் பாருங்கள் ஒரு தட்டு! ஒருத்தனைச் சுற்றினான். இன்னொருத்தனின் கவட்டுக்குள் பந்தை விட்டு, அந்தப் பக்கம் ஓடி வாங்கிக்கொண்டான். கடைசியாக நின்றவன் பாய்ந்தான், பாய்ந்தவன் சேற்றில் முகம் குப்புற விழுந்தான். பந்து கோட்டைத் தாண்டி மெதுவாக உருண்டுபோய் நின்றது. பிரிபி அதன் மேலேயே போய் நின்றான்.

பக்கத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. குனிந்து ஒரு விரலை வைத்தால் போதும், டிரை அவனுடையது. குடைக்குக் கீழே இருந்த மனுஷர் எழுந்து நின்றுவிட்டார். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, நான் பொய் சொல்லவில்லை. பந்துக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"யாராவது வாங்கடா! சீக்கிரம் வாங்க!"

திரும்பிப் பார்த்தால், மற்ற எல்லாரும் எங்கோ சேற்றில் உருண்டு கிடக்கிறார்கள். வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். கிரிம்ஷா! முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து, வாயைப் பிளந்து, வயிறு குலுங்க வருகிறான். அவனுக்குப் பின்னால் எதிரணிக்காரர்கள் மூன்று பேர் துரத்துகிறார்கள். மூன்று பேரும் அவனைத் தாண்டி வந்து பிரிபியின் மேல் விழுந்தார்கள். ஒருத்தன் இடுப்பைப் பிடித்து இழுத்தான், ஒருத்தன் முதுகில் ஏறினான், ஒருத்தன் காலுக்கடியில் கையைவிட்டுப் பந்தைத் தோண்டப் பார்த்தான். பிரிபி வேர் பிடித்த மாதிரி நின்றான். தூக்கிய கை இறங்கவே இல்லை.

"கிரிம்ஷா, கீழ! என் காலுக்குக் கீழ!"

கிரிம்ஷா ஒரு மூட்டையைப் போட்ட மாதிரி தடாலென்று விழுந்தான். அத்தனை கால்களுக்கு நடுவில் அவன் தடித்த கை நுழைந்து பந்தை அழுத்திற்று. நடுவர் கையை உயர்த்தினார், டிரை! லோரி கம்பத்துக்கு நடுவில் உதைத்த உதையோடு ஆட்டம் முடிந்தது, டவுன் ஜெயித்தது. மெரேயானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள்.

மீசைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு நேராக வந்தார். வந்தவர் பிரிபியைத் தாண்டி, சேறும் சகதியுமாக நின்ற கிரிம்ஷாவிடம் கையை நீட்டினார்.

"நல்ல டிரை. உங்க பேரு?"

கிரிம்ஷாவுக்கு வாய் திறந்தது, மூடிற்று. எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! மாட்டுத் தொடை மாதிரி இருந்த அவன் கழுத்தில் ஒரு நரம்பு துடித்ததைப் பிரிபி பார்த்தான். நியாயம்தானே, அழுத்தினது அவன் கை, சட்டப்படி அது அவனுடைய டிரைதான்.

"கிரிம்ஷா" என்றான். மூச்சு வாங்கினான். "ஆனா அது என்னோடது இல்ல சார். நான் வந்து விழுந்தேன், அவ்வளவுதான். என் கடையில தொங்கற பன்னி விழுந்திருந்தாலும் டிரைதான். கொண்டாந்தது இவன்."

மீசைக்காரர் பிரிபியைத் திரும்பிப் பார்த்தார். "அதுதான் எனக்குப் புரியலை. பக்கத்துல ஒரு ஆள் இல்லை, ஏன் நீங்களே தொடலை? இன்னிக்கு முழுக்கப் பந்துக்குக் கையே நீட்டலையே? கையில அடியா?"

பிரிபி, வந்துகொண்டிருந்த பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தான். எதை எங்கிருந்து தொடங்குவது? இந்த மனுஷர் சிரித்துவிட்டால் தன் மானம் மட்டுமா போகும், பெரியப்பா தலையும் சேர்ந்தல்லவா போகும்? லோரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கிரிம்ஷா பாய்ந்துவிட்டான்.

"அடியா? என்ன சார் பேசறீங்க? அது பெரியவருக்கு முடி வெட்டின கை சார்!"

"முடியா?"

"ஆமா, முடி. தோ வர்றாரே, அவருக்கு. அந்தத் தலையைத் தொட்ட கையால பன்னியத் தொடுவாங்களா? பந்துக்குள்ள இருக்கிறது பன்னி. நான் கசாப்புக்காரன், எனக்குத் தெரியாதா? தொட்டா அந்தத் தலைக்கு எவ்வளவு அவமானம்! பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம், இதைப்போய்க் கேக்கறீங்களே!" காலையில் காறித் துப்பினானே, அதே ஆள்தான்! "மூணு மாசத்துக்குத் தொடக் கூடாது சார், மூணு மாசம்!"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்றாள் மெரேயானா.

"ஆங், ஞாயித்துக்கிழமை வரைக்கும். அதைத்தான் நானும் சொல்றேன்."

மீசைக்காரர் சிரிக்கவில்லை. பெரியப்பாவின் தலையைப் பார்த்தார், பிரிபியின் கையைப் பார்த்தார், சேற்றில் கிடந்த பந்தைப் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றிப் பெரியப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பெரியப்பாவும் பெரிய மனசோடு தலையை அசைத்தார்.

"புதன்கிழமை பயிற்சி. சட்டை அளவு சொல்லி அனுப்புங்க" என்றார் மீசைக்காரர் பிரிபியிடம். "காலே இப்படின்னா, கையையும் பாத்துடணும் நான்."

பிரிபி சிரித்தான், அழுதான், இரண்டையும் சேர்த்தே செய்தான். மெரேயானா தன் சால்வையால் அவன் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டு, "ரொம்ப ஆடாதே, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள், அவள் கண்ணும்தான் நிறைந்திருந்தது. கிரிம்ஷாவின் பெயரை மீசைக்காரர் குறித்துக்கொள்ளவில்லை. அது நினைவுக்கு வந்து பிரிபி அவனைத் தேடினான். கிரிம்ஷா வேலி ஓரத்தில் மலையடிவாரத்து ஆட்கள் மூன்று பேரை நிறுத்திவைத்து, யார் தலையை யார் தொடலாம், தொட்ட கை எதைத் தொடக் கூடாது என்று விரல்விட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அதில் பாதிக்கு மேல் பிழை. பிரிபி திருத்தப் போகவில்லை.